ராணி காலத்தில் கானோ

வகுப்பில் ஆப்பிரிக்கா என்று சொன்னால் பிள்ளைகள் உடனே "சிங்கம்!" என்பார்கள். சற்று விஷயம் தெரிந்த பிள்ளை "பாலைவனம்" என்பான். "பட்டணம்" என்று சொல்லும் பிள்ளையை இருபது வருஷ உபாத்தியாயத்தில் நாம் இதுவரை கண்டதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயன் என்ன? பெரியவர்கள் பேசுவதைத்தானே அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள்! ஆகையால் இந்த வாரம் நேயர்களை ஆப்பிரிக்காவின் உள்நாட்டில், கடலுக்கு வெகு தூரத்தில் உள்ள ஒரு பட்டணத்துக்கு அழைத்துக்கொண்டு போக உத்தேசம். அதன் பெயர் கானோ. நைஜீரியா தேசத்தின் வடபகுதியில் இருக்கிறது. அங்குள்ள அரச பரம்பரையைக் கானோ வரலாற்றேடு கி.பி. 999-ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது என்றால் அதன் பழமையை ஊகித்துக்கொள்ளலாம்.

வீட்டில் உருண்டைப் பூகோளம் இருந்தால் புதுச்சேரியின் மேல் விரலை வையுங்கள். அங்கிருந்து நேர் மேற்கே நகர்த்துங்கள். அரபிக் கடல், எதியோப்பிய மலைகள், சூடான், சாட் எல்லாவற்றையும் கடந்து விரல் கானோவில் வந்து நிற்கும். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 12 டிகிரியில் இருக்கின்றன. ஆனால் புதுச்சேரிக்குக் கடல் வாசற்படி. கானோவுக்குக் கடல் தெற்கே சுமார் 800 கிலோமீட்டர். வடக்கே போனாலோ ஸஹாராப் பாலைவனம். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே மற்ற வித்தியாசங்கள் எல்லாம் பிறக்கின்றன.

நாம் போனது ஜனவரி மாதம். "இப்போது ராணி காலம், நல்ல சமயத்தில் வந்தீர்கள்" என்றார் நம்மை வரவேற்ற நண்பர். அவரும் ஓர் உபாத்தியாயர். அங்கே உபாத்தியாயரை 'மாலம்' என்று மரியாதையாக அழைக்கிறார்கள். ராணி காலம் என்றதும் ஏதோ அரண்மனை உற்சவம் போலும் என்று எண்ணினோம். ஹௌஸா மொழியில் ராணி என்பது மழையில்லாத பருவத்தின் பெயராம்! ஜூன் முதல் செப்டம்பர் வரையில் மழைக்காலம். அதற்குத் 'தாமினா' என்று பெயர். அக்டோபரில் வானம் கதவைச் சாத்திக்கொண்டால் அடுத்த வருஷம் ஏப்ரல், மே வரையில் திறப்பதில்லை. நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் ஒரு தூறல் விழுந்தால் அது ஊரெல்லாம் பேசக்கூடிய அதிசயம்.

வருஷத்தில் ஏழு மாதம் மழையில்லை என்றால் உழவன் என்ன செய்வான்? அதற்கும் அம்மொழியில் ஓர் அருமையான சொல் இருக்கிறது: 'சின் ராணி.' அதாவது 'ராணியை உண்பது.' அறுவடைத் தானியத்தைக் களஞ்சியத்தில் விட்டுவிட்டு, வெளியூரில் கூலி வேலை செய்தோ, கைத்தொழில் செய்தோ, வியாபாரம் செய்தோ வயிறு வளர்ப்பதற்கு அந்தப் பெயர். வறண்ட மாதங்களையே ஆகாரமாக்கிக்கொள்கிறார்கள்! கானோ என்ற பட்டணம் பெரியதும் புகழ் பெற்றதும் இப்படி ராணியை உண்டுதான் என்பது நாம் அங்கிருந்த நாட்களில் மெல்ல மெல்ல விளங்கிற்று.

*

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதன் பெயர் ஹர்மட்டான். நாம் ஏறிய விமானம் கானோவில் இறங்க முடியாமல் ஐந்து மணி நேரம் தாமதமானதற்கு இந்தக் காற்றே காரணம். அது கொண்டுவரும் தூசியில் ஆகாயம் பால் கலங்கினாற் போலிருக்கிறது. சூரியனை வெறுங்கண்ணால், சந்திரனைப் பார்ப்பது போல் பார்க்கலாம். பகலில் உதடு வெடிக்கிறது. இரவில் 13 டிகிரி வரையில் குளிர் இறங்குகிறது. காலையில் ஒருவரையொருவர் சந்தித்தால் "யாயா ஸன்யி?" என்று விசாரிக்கிறார்கள். "குளிர் எப்படி இருக்கிறது?" என்று அர்த்தம். வெடித்த உதட்டுக்குக் கடான்யா மரத்துக் கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெயைத் தடவிக்கொள்கிறார்கள். நாமும் தடவிக்கொண்டோம்; குணம் கண்டது.

இந்தத் தூசி எங்கிருந்து வருகிறது தெரியுமா? வடகிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சாட் தேசத்தில் போதேலே என்ற ஒரு பள்ளம் இருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது மாபெரும் ஏரி ஒன்றின் அடித்தளம். ஏரி வற்றிப் போயிற்று. அதில் வாழ்ந்த நுண்ணிய பாசிகளின் ஓடுகள் மாவு போல் கிடக்கின்றன. இரண்டு மலைத்தொடர்களின் இடுக்கில் புகுந்து வரும் காற்று அந்த மாவை வாரிக்கொண்டு வருகிறது. நம் சட்டைக் காலரில் படிந்த வெண்தூசியில் வற்றிப்போன அந்த ஏரியும் கொஞ்சம் இருந்தது என்று நினைத்தபோது உடம்பு சற்றுச் சிலிர்த்தது.

*

மறுநாள் பழைய நகரத்தைப் பார்க்கப் புறப்பட்டோம். கானோவின் மண் மதில் 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் தொடங்கப்பட்டது. பின்வந்த அரசர்கள் விஸ்தரித்தார்கள். 1903 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை கானோவைப் பிடித்தது. லுகார்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, மதிலின் சுற்றளவு 11 மைல், உயரம் 30 முதல் 50 அடி, அடித்தள கனம் 40 அடி என்று கணக்கெழுதி, ஆப்பிரிக்காவில் இப்படி ஒன்றைத் தாம் கற்பனை செய்ததும் இல்லை என்று வியந்து வைத்தார். இன்று பெரும்பகுதி கரைந்துவிட்டது. சில இடங்களில் மட்டும், வயதான யானை படுத்திருப்பது போல் மேடிட்டுக் கிடக்கிறது.

ஏன் கரைந்தது என்று கேட்டோம். "மண் சுவரை ராணி காலந்தோறும் பூசவேண்டும். பூசுகிற கை நின்றால் மழை கரைத்துவிடும்" என்றார் நண்பர். பழைய வீடு ஒன்றில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. செங்கல்லைப் போல் சதுரமாக இல்லாமல், பேரிக்காய் போல் உருட்டிக் காயவைத்த மண் கட்டிகளால் சுவர் எழுப்புகிறார்கள். கூரைக்குப் பனை விட்டம். ஆம், பனைதான்! நம் பனையின் நெருங்கிய உறவான ஆப்பிரிக்கப் பனை; செல்லரிக்காது. சுவருக்கு மேற்பூச்சாக ஒரு மரத்தின் நெற்றுக்களை ஊறவைத்த சாறு. அதைவிட உறுதியாக வேண்டுமானால், சாயக் குழியில் தங்கும் வண்டலை உலர்த்திச் சுட்டுப் பொடித்துச் சேர்ப்பார்கள். சாயக்காரன் கழித்தது கொத்தனுக்குச் சுண்ணாம்பு! அந்தச் சாயக் குழிகளைப் பார்க்காமல் போவதா?

கோஃபார் மாத்தா என்ற வாயிலுக்கு அருகில் அவை இருக்கின்றன. 1498-இல் ஏற்பட்டவை என்று அங்குள்ள பலகை சொல்கிறது. தரையோடு தரையாகக் கிணறு போன்ற வட்டக் குழிகள். சுமார் இருபது அடி ஆழம். நூற்றுக்கு மேற்பட்ட குழிகளில் இப்போது சாயம் இருப்பவை சிலவே. அவுரி, சாம்பல், தண்ணீர் மூன்றையும் சேர்த்துப் பல நாள் புளிக்க வைக்கிறார்கள். இதில் ஒரு ரசாயன வேடிக்கை உண்டு. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. புளிக்கும்போது அது நிறம் மாறிப் பசுமஞ்சளாகிக் கரைந்துவிடுகிறது. துணியை முக்கி எடுக்கும்போது பச்சையாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் கண் முன்னே நீலமாக மாறும்! பத்து முறை முக்கினால் ஒரு நீலம். மேலும் மேலும் முக்கினால் கருநீலம். குழி வாயில் கிழவர் ஒருவர் குந்தியபடி துணியை முக்கி முக்கி எடுத்தார். அவருடைய முழங்கை வரையில் நீலம். பக்கத்துக் குடிசையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, சாயமிட்ட துணியை மரக்கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்க அடிக்கத் துணி உலோகம் போல் மின்னுகிறது. ஸஹாராவில் வசிக்கும் துவாரெக் மக்கள் இந்தத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டி, அதன் நீலம் முகத்தில் ஒட்டி, 'நீல மனிதர்கள்' என்று பெயர் வாங்கினார்கள்.

1851-இல் கானோவுக்கு வந்த ஜெர்மானிய யாத்திரிகர் ஹைன்ரிக் பார்த், இந்நகரத்துத் துணி பாலைவனம் கடந்து எத்தனையோ தேசங்களுக்குப் போவதைக் கண்டு எழுதினார். வியாபாரமும் கைத்தொழிலும் கைகோத்துச் செல்வதே இவ்வூரின் பாக்கியம் என்பது அவருடைய அபிப்பிராயம். ஒட்டகச் சாத்துக்கள் உப்பையும் பாலைவனச் சரக்கையும் கொண்டுவந்து துணியையும் தோலையும் வாங்கிச் சென்றதும் ராணி காலத்தில்தான். 'மொராக்கோ தோல்' என்று ஐரோப்பாவில் பெயர் பெற்ற செந்தோலில் ஒரு பங்கு கானோவிலிருந்து போனது. அதைப் பதனிட இன்றும் உதவுவது கருவேலங்காய். சரக்கு கானோவினுடையது, பேர் மொராக்கோவுக்கு!

*

இந்த இடத்தில் சரித்திரத்தில் ஒரு ருசிகரமான பகுதி வருகிறது. பிரிட்டிஷார் கானோவுக்கு ரயில் போட்டார்கள்; 1911-இல் தண்டவாளம் வந்து சேர்ந்தது. எதற்காக? லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி வேண்டும். பருத்தி பயிரிடச் சொல்லி ஒரு சங்கமே வைத்து விதையும் கொடுத்தார்கள். ஆனால் வடநைஜீரியாவின் நெசவாளர்கள் அதே பருத்திக்கு அந்தச் சங்கத்தைவிட அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். கைத்தறி ஆலையை ஏலத்தில் ஜயித்தது! குடியானவர்களும் கணக்குப் பார்த்தார்கள். ரயிலில் ஏற்றுவதற்கு எது லாபம்? வேர்க்கடலை! அதைத் தின்னவும் தின்னலாம், விற்கவும் விற்கலாம். பருத்திக்காக வந்த ரயில் கடலை மூட்டையைச் சுமந்துகொண்டு போயிற்று.

அதன் பிறகு ராணி காலத்தில் கானோவின் அடையாளம் வேர்க்கடலைக் கோபுரங்கள் ஆயின. ஒன்றில் சுமார் 15,000 மூட்டை. எகிப்தியப் பிரமிடு போல் அடுக்கி நிற்கும் படங்களை வாசகர்கள் பார்த்திருக்கலாம். இன்று அவை இல்லை. 1972 முதல் மழை தவறிற்று; 1975-இல் அசுவினிப் பூச்சி பரப்பும் நோய் வந்து பயிரை அழித்தது; அதே சமயத்தில் தெற்கே எண்ணெய்க் கிணறுகளில் பணம் பீறிட்டதால் அரசாங்கத்தின் கவனம் வயலை விட்டு நழுவிற்று. கோபுரங்கள் நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தோம். கடைகளும் வீடுகளும் இருக்கின்றன.

லங்காஷயர் ஜயிக்க முடியாத சாயக்காரரை இன்று வேறொன்று ஜயித்துக்கொண்டிருக்கிறது. காண்டின் குவாரி என்ற பெரிய ஜவுளிச் சந்தையில் மலைபோல் குவிந்திருக்கும் துணி பெரும்பாலும் சீனாவில் அச்சடித்தது. விலை மலிவு, நிறமும் பளிச்சென்று இருக்கிறது. குழிக் கிழவரிடம், "உங்கள் பேரப்பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவார்களா?" என்று நண்பர் மூலமாகக் கேட்டோம். அவர் சிரித்து, "துணி வாங்குவீர்களா?" என்று திருப்பிக் கேட்டார். அதைவிடச் சரியான பதில் வேறு என்ன இருக்க முடியும்? வாங்கினோம்.

*

ராணியை உண்பதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு ஊரின் புகழை மட்டும் பாடுவது உபாத்தியாயத் தொழிலுக்கு அழகல்ல.

முதலாவது, ஒருவர் உண்ணும் ராணி மற்றொருவருடையதாக இருக்கலாம். 1974-இல் கானோவுக்குத் தெற்கே திகா என்ற இடத்தில் பெரிய அணை கட்டினார்கள். இப்போது ராணி காலத்திலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. நெல், கோதுமை, வெங்காயம், தக்காளி எல்லாம் விளைகின்றன. சாலையோரம் பாய் விரித்தாற்போல் தக்காளி காய்வதைப் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான்! ஆனால் அந்த நதி முன்பு கிழக்கே போய், ஹடேஜியா, ஙுரு பிரதேசத்துத் தாழ்நிலங்களில் பரந்து நின்றது. அங்குள்ள மீனவரும், மாடு மேய்ப்பவரும், வெள்ளம் வடிந்த ஈரத்தில் விதைப்பவரும் அதை நம்பித் தங்கள் ராணியைக் கழித்தார்கள். அணைக்குப் பின் வெள்ளம் பரவும் பரப்புக் குறுகிவிட்டது. மேல் மடைக்காரனுக்கும் கடை மடைக்காரனுக்கும் உள்ள இந்த வழக்கை நம் வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. வற்றிய ஏரியின் தூள் தலைமேல் பறந்துகொண்டிருக்கும் ஊரில் இதைக் கேட்பது மட்டும் மனத்தில் தனியாகத் தைத்தது.

இரண்டாவது சங்கடம் உயிர்ச் சங்கடம். இந்த உலர்ந்த காற்றிலேதான் மூளையுறைக் காய்ச்சல் பரவுகிறது. ஹௌஸாவில் அதற்கு 'ஸங்கராவ்' என்று பெயர். தூசியும் வறட்சியும் மூக்கு, தொண்டைச் சவ்வைப் புண்ணாக்குவதும், குளிருக்காக ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுப்பதும் காரணங்கள் என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். முதல் மழை விழுந்தால் நோய் அடங்கும். 1996-ஆம் வருஷத்து ராணியில் நைஜீரியாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கண்டு, 11,000 பேருக்கு மேல் மாண்டார்கள். கானோ மிகவும் அடிபட்ட இடங்களில் ஒன்று. அந்தத் துயரத்தின் நடுவில் வெளிநாட்டு மருந்துக் கம்பெனி ஒன்று அங்குள்ள குழந்தைகளிடம் ஒரு புது மருந்தைச் சோதித்தது. பெற்றோர் தக்கபடி சம்மதம் கேட்கப்படவில்லை என்று வழக்குத் தொடர்ந்தார்கள். 2009-இல் கானோ அரசாங்கத்துடன் கம்பெனி சமாதானம் செய்துகொண்டது. ஆனால் போன நம்பிக்கை அத்தனை சுலபமாகத் திரும்புமா? 2003-இல் கானோவில் போலியோ சொட்டு மருந்தையே நிறுத்தி வைத்தார்கள். அதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம். மறுவருஷம் மீண்டும் கொடுக்கத் தொடங்கினாலும், இடையில் அந்த நோய் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. 2020-இல்தான் ஆப்பிரிக்கா இயற்கைப் போலியோக் கிருமியிலிருந்து விடுபட்டது என்று அறிவிக்க முடிந்தது.

மூளையுறைக் காய்ச்சலின் கதையில் நம் தேசமும் வருகிறது. ஆப்பிரிக்க நாடுகள், "ஊசி 50 சென்டுக்கு மேற்பட்டால் எங்களால் வாங்க இயலாது" என்றன. அந்த விலைக்குள் 'ஏ' வகைக் கிருமிக்கான தடுப்பு மருந்தைத் தயாரித்துக் கொடுத்தது புனாவில் உள்ள ஸீரம் இன்ஸ்டிடியூட். 2010 டிசம்பரில் புர்க்கீனா ஃபாஸோவில் தொடங்கி, நைஜீரியா உட்பட அந்தப் பிரதேசமெங்கும் 30 கோடிக்கு மேற்பட்டோருக்குப் போட்டார்கள். 2017-க்குப் பிறகு அந்த வகை நோய் ஒருவருக்கும் உறுதியாகவில்லை. வேறு வகைக் கிருமிகள் தலைதூக்கின. ஐந்து வகைக்கும் சேர்த்த புது ஊசியையும் புனாவே செய்தது. அதை 2024-இல் உலகத்திலேயே முதலில் ஊருக்கெல்லாம் போடத் தொடங்கிய தேசம் நைஜீரியா.

*

கடைசி நாள் நண்பர் வீட்டில் விருந்து. கம்பு மாவை உருண்டை பிடித்து வேகவைத்து இடித்து, புளித்த பாலில் கரைத்து, அகப்பையோடு கொடுத்தார்கள். 'ஃபுரா' என்று பெயர். ஒரு வாய் குடித்ததும், நம் பாட்டி கரைத்துத் தந்த கம்பங்கூழ் அடிநாக்கில் வந்து நின்றது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கம்பு நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னே முதன்முதலில் பயிரானது இந்த மேற்கு ஆப்பிரிக்க வறள்நிலத்தில்தான். அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தது. ரசத்துக்குப் புளி தந்த மரமும் பூர்வீகத்தில் ஆப்பிரிக்க மரமே. நண்பர் வீட்டிலும் கஞ்சிக்குப் புளி சேர்க்கிறார்கள். நாம் என்ன கொடுத்தோம் என்று கேட்பீர்கள். கானோ வீதிகளில் நிழல் தருகிறதே, வேப்பமரம், அது 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. 'தோகன் யாரோ', அதாவது 'நெட்டைப் பையன்' என்று அதற்குப் பெயர் சூட்டித் தங்கள் பிள்ளையாகவே வளர்த்துவிட்டார்கள். கம்புக்கும் புளிக்கும் பதிலாக வேம்பும் ஊசியும்! கணக்கு இன்னும் நேராகவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

விடியற்காலையில் நாம் கிளம்பும்போது தெருவில் கிண்ணம் ஏந்திய சிறுவர் கூட்டம் ஒன்று வீடு வீடாக நின்றது. கிராமங்களிலிருந்து ஓதுவதற்காக மாலம்களோடு வந்த பிள்ளைகள். முன்னெல்லாம் ராணியில் வந்து தாமினாவில் உழவுக்குத் திரும்புவார்களாம். இப்போது பலர் வருஷம் முழுதும் இங்கேயே இருக்கிறார்கள். "இவர்களுக்கு ஓதுதலோடு கணக்கும் கைத்தொழிலும் கற்றுக் கொடுத்துவிட்டால், ராணியை இவர்கள் உண்பார்கள். இல்லாவிட்டால் ராணி இவர்களை உண்டுவிடும்" என்றார் நண்பர். அவருடைய பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நமக்கு விடை கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைகளில் இருவரைத் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு நடந்தார். அடுத்த வீட்டில் ஏணி சாத்திச் சுவர் பூசிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது.